பச்சை வந்தால் தள்ளவும்

அந்த வீட்டில் பேசக் கூடாது என்று ரஞ்சித் அண்ணன் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன், அது அவருக்கும் தெரியும். "கொட்டச்சேடு தாண்டி ஒரு பழைய எஸ்டேட் பங்களா. ஒரே கதவு, ஒரே கார்டு ரீடர். உனக்குத்தான் ஏற்காடு சொந்த ஊராச்சே, ஓடிப் போய் மாட்டிட்டு வந்துரு" என்று எங்கள் சேலத்துக் கடையிலிருந்து ஃபோனில் சொன்னதோடு சரி. நான் தனியாகச் செய்யப்போகும் முதல் கதவு. சந்தோஷத்தில் நானும் வேறு எதையும் கேட்கவில்லை. ட்ரில், ஒயர்ச் சுருள், காந்தப் பூட்டு, ரீடர், கார்டுகள் எல்லாவற்றையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வழியெல்லாம் மேகம் இறங்கியிருந்தது. ரோடு தான் எங்கே போகிறது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக யோசித்துச் சொல்வது போல இருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு அடிப்பாகம் மட்டும் இருந்தது, மேலே ஒன்றும் இல்லை. காபிச் செடிகளில் பழம் பழுத்துக் கிடந்ததால் சிவப்பு மட்டும் எப்படியோ மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. ஹார்ன் அடித்தேன். சத்தம் பஞ்சுக்குள் போனது போலப் போய்விட்டது. சரி என்று பாடிக்கொண்டே போனேன்.

பங்களா வாசலில் ஒருவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஸ்வெட்டர், மஃப்ளர், கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் சிலேட்டு. "வணக்கம் சார், நான் பவித்ரா, ரீடர் மாட்ட" என்று நான் ஆரம்பித்ததும் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். 'உள்ளே மௌனம். ஃபோனைக் கொடுக்கவும்.'

ஃபோனைக் கொடுத்தேன். ஒரு கையைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. அவர் என்னைச் சுற்றுவழியாக அடுப்படிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு பெருமூச்சு விட்டார்.

"இங்க பேசலாம் கண்ணு. அடுப்படிக்குப் பொறத்தால பேசலாம், குவார்ட்டர்ஸ்ல பேசலாம். மத்த எடத்துல வாயத் தொறக்கக் கூடாது. நான் மேனேஜர் கோவிந்தராஜ்."

அது ஒரு மௌன முகாம் நடக்கும் வீடு. சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் பேசாமல் இருப்பதற்காக வருகிறார்கள். வந்ததும் ஃபோனைக் கொடுத்துவிட வேண்டும். எல்லா ஃபோனும் கூடத்தை ஒட்டிய ஒரு சின்ன அறையில் மர அலமாரியில் இருக்கும். அந்த அறைச் சாவி அடுப்படி ஆணியில் தொங்குமாம்.

"போன வாரம் ஒருத்தன் சாவிய எடுத்துட்டுப் போய் கிரிக்கெட் ஸ்கோர் பாத்துட்டான் கண்ணு. பாத்தவன் சும்மா இருந்தானா. எல்லாரும் கண்ண மூடி உக்காந்திருக்கறாங்க, உள்ள இருந்து 'சிக்ஸு'ன்னு ஒரு கொரலு. நாப்பது பேரும் கண்ணத் தொறந்துட்டாங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் என்பது நினைவு வந்து அடக்கிக்கொண்டார். "அதான் கார்டு. ரெண்டே கார்டு. ஒன்னு எனக்கு, ஒன்னு இவருக்கு. ஏனுங்க மாதப்பா, இங்க வாங்க."

மாதப்பனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கொட்டச்சேட்டுக்காரர். நெடுநெடுவென்று உயரம், சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் குனிந்துகொள்வார். அவர் மனைவி சிவசக்தி அங்கேயே உட்கார்ந்து சௌசௌ நறுக்கிக்கொண்டிருந்தார். முகாமுக்குச் சமையல் அவர்தான். இரண்டு பேரும் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் இருந்தார்கள், அதைத்தான் குவார்ட்டர்ஸ் என்றார்கள். சௌசௌக் கொடி ஒன்று அதன் சுவரைப் பிடித்து ஏறி ஓட்டின் மேல் படுத்துவிட்டிருந்தது.

"இவர இப்போதைக்குத் தற்காலிகமாத்தான் வெச்சிருக்கோம்" என்றார் மேனேஜர். "ஃபோன் ரூம சத்தமில்லாமப் பாத்துக்கிட்டா நிரந்தரம் பண்ணிக்கறதா டிரஸ்ட்ல சொல்லிட்டாங்க. குவார்ட்டர்ஸும் இவங்களுக்கே. நாளைக்குக் காலைல புது ஆளுங்க வர்றாங்க. இந்தக் கதவுதான் பரீட்சை."

"பெயிலாப் போனா திரும்பக் குடகுதானுங்க, மொளகு பறிக்க" என்றார் சிவசக்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கத்தி நின்றுவிட்டது. "கண்ணாலம் ஆனதுல இருந்து நான் நட்ட செடி ஒன்னும் காய்ச்சு நான் பாத்ததில்ல கண்ணு. நடுவேன், பூ வுடும், மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிருவோம். இந்தக் கொடிதான் மொத மொதக் காய்."

"அதெல்லாம் பாஸாயிருவாரு" என்ற மேனேஜர், அவரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "ஏனுங்க மாதப்பா, உங்கள ஊருக்குள்ள பச்சை மாதப்பன்னு சொல்றாங்களே, அது எதுக்குங்க?"

மாதப்பன் குனிந்து சிரித்தார். பதில் சிவசக்தியிடமிருந்து வந்தது, கத்தியைவிட வேகமாக. "பச்சப் புள்ள மனசுங்க அவருக்கு. அதானுங்க."

எனக்கு அதெல்லாம் அப்போது காதில் ஏறவில்லை. ரீடரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன், இனி வேறு எதுவும் ஏறாது. துவைக்கிற கல்லின் மேல் பேட்டரியை வைத்து, ஒயரை முறுக்கி, கார்டை அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தக் கார்டுக்குள்ள பேட்டரி கெடையாதுங்க. அதுபாட்டுக்குத் தூங்கிட்டு இருக்கும். ரீடர் தன்னைச் சுத்தி நாலு விரக்கடை தூரத்துக்கு ஒரு காந்த வட்டம் போட்டு வெச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதுக்குள்ள வந்தா கார்டு முழிச்சுக்கும். முழிச்சு தன் நம்பரச் சொல்லும். தள்ளிப் போனாத் திரும்பத் தூங்கிரும்."

"நம்ம மௌனக்காரங்களாட்டங்களா" என்றார் மாதப்பன். "மணியடிச்சா முழிச்சுக்கறது."

"அவங்க நம்பரு கூடச் சொல்றதில்ல" என்றார் சிவசக்தி.

மாதப்பன் கார்டை இரண்டு கையாலும் பிடித்து ரீடருக்கு முன்னால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். "ஏனுங்க, கற்பூரமா காட்டறீங்க" என்று நான் சிரித்தேன். "சுத்த வேண்டாம், பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துங்க போதும்." நிறுத்தினார். ரீடர் 'கீச்' என்றது. சிவப்பு விளக்கு பச்சையானது. கீச் வந்த கணத்திலேயே அவர் கை கதவைத் தள்ளுகிற மாதிரி நீண்டது. கதவே இல்லை, வெறும் காற்று. திரும்பத் திரும்பச் செய்தோம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என்னைவிட அவர் கை வேகம். நான் பெருமையோடு எங்கள் கடையில் அச்சடித்து வைத்திருக்கும் தாளை எடுத்துக் காட்டினேன். 'பச்சை வந்தால் தள்ளவும். சிவப்பு இருந்தால் மறுபடி காட்டவும்.' அதைக் கதவில் ஒட்டுவது எனக்கு எப்போதும் பிடிக்கும், வேலை முடிந்தது என்று அர்த்தம்.

முகாம் ஆட்கள் எஸ்டேட்டுக்குள் நடக்கப் போகிற நேரத்தில் துளை போட்டுக்கொள்ள அனுமதி. நாற்பது பேர் வரிசையாக, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி மேகத்துக்குள் நடந்து போனார்கள். கடைசி ஆள் மறைந்ததும் ட்ரில்லை வைத்தேன். கதவு பழைய கதவு, மேல் பாதியில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள். நிலையில் காந்தப் பூட்டு, வெளிச் சுவரில் ரீடர். மாதப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒயரை எடுத்துக் கொடுத்தார்.

"அந்தச் செவப்பு ஒயரக் கொடுங்க."

கொடுத்தார். பச்சை.

"இது பச்சைங்க."

"ஆமாங்க, மாத்திக் குடுத்துட்டேன்" என்று உடனே இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் சிவப்பு இல்லை, பழுப்பு. நான் இறங்கி நானே எடுத்துக்கொண்டேன். ஏணியைப் பிடித்துப் பிடித்து ஆளுக்குக் கை மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

எல்லாம் கோத்து முதல் கார்டைக் காட்டியதும் வெற்றுக் கூடத்தில் 'கீச்' என்று எழுந்த சத்தம், சமையலறை வரை போய்த் திரும்பி வந்தது. மேனேஜர் சிலேட்டோடு ஓடி வந்தார். 'கீச் கூடாது.'

அதனாலென்ன. ரீடரைத் திறந்து சத்தம் போடுகிற வில்லையை இடுக்கியால் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி விளக்கு மட்டும்தான்.

நடக்கப் போனவர்கள் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிய பிறகு ஒத்திகை. மாதப்பன் ஒரு கூடையில் நாலைந்து ஃபோனோடு வந்து கதவு முன்னால் நின்று கார்டைக் காட்டினார். பச்சை வந்தது. அவர் தள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தள்ளுங்க என்று தலையை ஆட்டினேன். அதற்குள் நேரம் முடிந்து சிவப்பாகிவிட்டது, பூட்டு திரும்பக் கவ்விக்கொண்டது. இப்போது தள்ளினார், தோளால். கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் கடகடவென்று ஆடின. நாற்பது ஜோடிக் கண்கள் திறந்தன.

மறுபடி காட்டினார். பதற்றத்தில் தூரத்திலிருந்து காட்டினார், கார்டு விழிக்கவே இல்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. தள்ளினார். கடகட. ஒரு வயதான அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மூன்றாவது தடவை அவர் கார்டைத் தூக்குவதற்குள் நானே போய், சோதிக்க வைத்திருந்த என் கார்டைக் காட்டித் திறந்துவிட்டேன்.

மேனேஜர் சிலேட்டில் எழுதினார். 'காலையில் சரியாக நடக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.' கடைசி இரண்டு சொல்லை உடனே ஸ்வெட்டர் கையால் அழித்துவிட்டார். ஆனால் நாங்கள் படித்துவிட்டிருந்தோம்.

எனக்கு ரீடர் மேல்தான் சந்தேகம். கழற்றினேன், மாட்டினேன், கார்டை மாற்றினேன். எனக்குத் திறக்கிறது, மேனேஜருக்குத் திறக்கிறது. ரஞ்சித் அண்ணனிடம் கேட்கலாம் என்றால் ஃபோன் அதே அறைக்குள். கை அடிக்கடி பேண்ட் பாக்கெட்டுக்குப் போய் ஏமாந்து திரும்பியது. வெளியே மேகம் இன்னும் கெட்டியாகிவிட்டது. இதில் ஸ்கூட்டியை எடுக்கக் கூடாது என்று மேனேஜர் சைகையிலேயே தடுத்துவிட்டார். எங்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, சிவசக்தியோடு குவார்ட்டர்ஸில் தங்கச் சொன்னார்.

சாயங்காலம் கூடத்துக்கு வந்தபோது மாதப்பன் அந்தக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. என்னைப் பார்த்ததும், வாங்க, நீங்களும் வைங்க என்று கையைக் காட்டினார்.

வைத்தேன். மரம் உறுமிக்கொண்டிருந்தது.

காதுக்கு ஒன்றும் இல்லை. கைக்கு மட்டும் கேட்டது. உள்ளே அலமாரிப் பலகையில் நாற்பது ஃபோனும் சத்தம் அடைக்கப்பட்டுக் கிடந்தன. விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் எங்கெங்கோ இருக்கிற வீடுகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ஒன்று நடுங்கி அடங்கும், இன்னொன்று ஆரம்பிக்கும், பிறகு இரண்டு சேர்ந்து. பலகையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து நிலைக்கு, நிலையிலிருந்து கதவுக்கு. எனக்குப் பின்னால் அந்த ஃபோன்களின் சொந்தக்காரர்கள் எல்லாம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து அவர்கள் மடியில் உட்கார்ந்தது. யாரோ சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், யாரோ குழந்தை தூங்கவில்லை என்கிறார்கள், எல்லாம் ஒரு கதவுக்குள் தேனீக்கூடு மாதிரி முனகிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நான் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

குவார்ட்டர்ஸுக்குப் போனதும் மாதப்பன் பேசினார். "தெனமும் இந்நேரத்துக்கு அது கையில பேசுமுங்க."

"இவரும் தெனமும் போய்க் கேட்டுட்டு வருவாரு" என்றார் சிவசக்தி. "நான் பேசுனாத்தான் கேக்காது."

வீட்டை ஒட்டி நாலைந்து காபிச் செடிகள் இருந்தன. அதில் பறித்த பழத்தைச் சாக்கில் கொட்டி, இரண்டு பேரும் பிரிக்க உட்கார்ந்தார்கள். பழுத்தது ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். சிவசக்தி பார்த்துப் பார்த்துப் பிரித்தார். மாதப்பன் வாசலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டே பிரித்தார். ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு உருட்டு, லேசாக ஒரு அழுத்து, பிறகு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. சாக்கை அவர் பார்க்கவே இல்லை. ஒன்றும் தப்பவும் இல்லை.

எனக்குச் சும்மா உட்கார வராது. ஒரு காயை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன், தொட விடாமல். "இது என்னங்க, பழமா காயா?"

அவர் பார்த்தார். சிவசக்தியைப் பார்த்தார். சிவசக்தி சாக்கைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார் சிவசக்தி.

ஏணி மேல் நின்று வாங்கிய பச்சை ஒயர் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"சொல்லிப்போடறேன் உடு" என்றார் மாதப்பன். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க தெரியும். பழமும் எலையும் ஒன்னாட்டமே இருக்கும். சின்னதுல எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். மத்தவங்க கெட்டிக்காரங்க, என்னவோ சூட்சுமத்துல கண்டுபுடிச்சு பறிக்கறாங்க, எனக்குத்தான் அந்தச் சூட்சுமம் புடிபடலைன்னு. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் ஒரு நா என்ற மூட்டைய எல்லாரு முன்னாலயும் கவுத்துக் கொட்டிட்டாரு. பாதிக்குப் பாதி காயி. அன்னிலேர்ந்து பச்சை மாதப்பன்."

"பச்சப் புள்ள மனசுன்னு நான்தான் மாத்தி வெச்சேன்" என்றார் சிவசக்தி. "கண்ணாலத்துக்கு அப்புறம்."

"பின்னால வெரலு கத்துக்கிடுச்சுங்க. பழமுன்னா வழுக்கும், கொஞ்சம் அமுங்கும். காயி கல்லாட்டம்."

"அப்ப மேனேஜர்கிட்டச் சொல்லிரலாமே. அவர் நல்லவராத்தான் தெரியறாரு."

"நல்லவங்ககிட்டத்தானுங்க மொதல்லயும் சொன்னேன். டிரைவர் வேலைக்குப் போனப்ப. 'கண்ணு சரியில்லாத ஆளு'ன்னு அனுப்பிச்சுட்டாங்க. என்ற கண்ணுக்கு என்னங்க கொறைச்சல். சேர்வராயன் கோயில் கொடி ஆடறது இங்கேர்ந்தே எனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது."

"மேகம் மூடிக் கெடக்கறப்பவும் தெரியுதாம். கேளு கண்ணு."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் சிவசக்தி எழுந்து போய் வாசலில் நின்று, ஓட்டிலிருந்து தொங்கிய கொடியின் நுனியை எடுத்து மேலே போட்டார். அது திரும்ப விழுந்தது. திரும்பப் போட்டார்.

என் சட்டைப்பையில் அந்தச் சத்த வில்லை குத்திக்கொண்டிருந்தது. அது இருந்தவரை இவர் தப்பே செய்யவில்லை. நான்தான் பிடுங்கினேன். திரும்ப வைக்கவும் முடியாது. கண்ணுக்குப் பச்சை தெரியாது, காதுக்குக் கீச் கூடாது. வேறு என்ன இருக்கிறது, வேறு என்ன என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கையில் இன்னும் அந்தக் கதவின் உறுமல் மிச்சமிருந்தது.

"ஏனுங்க" என்றார் சிவசக்தி, "இந்தப் புள்ளைக்கு என்னங்க ஆச்சு, இப்படி ஓடுது."

என் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். உதிரிக்காக வைத்திருந்த உடைந்த ஃபோன் ஒன்று கிடந்தது. அதன் முதுகைப் பிளந்து, நடுங்குகிற மோட்டாரை எடுத்தேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மாதப்பன் உள்ளங்கையில் வைத்து பேட்டரி முனையைத் தொட்டேன். வண்டைப் பிடித்த மாதிரி கையை உதறினார். பிறகு மெதுவாகத் திரும்ப நீட்டினார்.

பூட்டு விடுபடுகிற நேரத்தில் மட்டும் மின்சாரம் வருகிற முனை ஒன்று உள்ளே சும்மாவே கிடந்தது. அதில் இதைக் கோத்து, மின்சாரத்தைக் குறைத்து, ரீடரின் முதுகில் உட்கார வைத்தேன். சுவரில் பட்டு முனகாமல் இருக்க மாதப்பன் தன் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது செருப்பில்லாமல் போய் மாட்டினோம். 'என்ன?' என்று மேனேஜர் சிலேட்டைக் காட்டினார். அதை வாங்கி 'சின்ன வேலை பாக்கி' என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை.

மாதப்பன் கார்டை ரீடரோடு சேர்த்து வைத்தார். அது நடுங்கியது. ரீடர் நடுங்கி, கார்டு நடுங்கி, அவர் விரல் வரை வந்தது. தள்ளினார். சத்தமே இல்லாமல் கதவு உள்ளே போயிற்று. நடுக்கம் நின்றபோது பூட்டும் கவ்வியிருந்தது, சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குவார்ட்டர்ஸ் வரும் வரை பேசாமல் வந்து, வாசலில் சொன்னார். "பழம் காம்புல இருந்து கழண்டு கைக்கு வருமே, அப்படியே இருக்குதுங்க."

காலையில் புது ஆட்கள் வந்தார்கள். வாசலில் ஒவ்வொருவராக ஃபோனைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் இளைத்துப்போனவர்கள் மாதிரி உள்ளே வந்தார்கள். கூடத்துக்குள் பாதி மேகம், பாதி ஆட்கள். மாதப்பன் கூடையோடு வந்தார். கார்டை வைத்தார். விளக்கைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். கை மட்டும் காத்திருந்தது. பிறகு கதவு திறந்தது, யாரோ உள்ளிருந்து வாங்க என்று சொன்ன மாதிரி. போனார், வந்தார், சாத்தினார். அடுத்த கூடை. அடுத்தது. கண்ணாடிச் சில்லு ஒன்றுகூட ஆடவில்லை. நேற்று காதைப் பொத்திய அம்மா கண்ணே திறக்கவில்லை.

மேனேஜர் தூணை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கதவைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். பிறகு மாதப்பனின் கண்ணைப் பார்த்தார், அது விளக்கின் பக்கமே போகாததை. தன் கார்டை எடுத்துக்கொண்டு போய் ரீடரில் வைத்தார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டதில் சிலேட்டு நழுவ, அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்தார். என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அவர் வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து மூடிய கையோடு வந்தார். மாதப்பனுக்கு முன்னால் நின்று கையைத் திறந்தார். உள்ளங்கையில் காபிச் செடியிலிருந்து பறித்த இரண்டு உருண்டை. ஒன்று பழம், நல்ல சிவப்பு. ஒன்று காய், முழுப் பச்சை. எது பழம் என்று புருவத்தைத் தூக்கினார்.

அடுப்படி வாசலில் சிவசக்தி கரண்டியோடு நின்றார். எனக்கு வாய் நிறைய வார்த்தை. நாக்கு வரை வந்துவிட்டது. பேசக் கூடாத இடம். பேசுகிற இடமாக இருந்திருந்தால் நான் கெடுத்திருப்பேன்.

மாதப்பன் அந்த உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்கலாம், பாதிக்குப் பாதி சரியாக இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் எடுத்து, மறைக்காமல், மேனேஜர் பார்க்கும்படியாகவே விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாக உருட்டினார். அழுத்தினார். பழத்தை மேனேஜர் கையில் திரும்ப வைத்தார். காயைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் பழத்தை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார். சிலேட்டில் ஏதோ எழுதினார், காட்டாமலே அழித்தார். பிறகு குனிந்து என் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, ஒரு துண்டு கடித்துக் கிழித்து, ரீடரின் விளக்கு மேல் ஒட்டினார். நகத்தால் நாலு ஓரத்தையும் நன்றாகத் தேய்த்துவிட்டார். கதவில் நான் ஒட்டியிருந்த தாள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. பேனாவை எடுத்து 'பச்சை வந்தால் தள்ளவும்' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினார். 'நடுங்கினால் தள்ளவும்.'

அடுப்படிக்குப் பின்னால் வந்த பிறகும் முதலில் சைகையே காட்டிக்கொண்டிருந்தோம். பேசலாம் என்பதே மறந்துவிட்ட மாதிரி. மேனேஜர்தான் தொண்டையைச் செருமினார்.

"அந்த வெளக்கு, தியானத்துல உக்காந்திருக்கறவங்க கண்ணக் குத்துதுங்க மாதப்பா. ஒரு அம்மா ஒரு வாரமாச் சைகை காட்டிட்டே இருக்கறாங்க. அதான் ஒட்டிப்போட்டேன்."

"ஒரு வாரமா? நேத்துத்தானேங்க மாட்" என்று நான் ஆரம்பித்தேன்.

"வாயத் தொற கண்ணு" என்றார் சிவசக்தி. அது ஏற்கனவே திறந்துதான் இருந்தது. சுடச்சுட ஒரு சௌசௌ பஜ்ஜியை வைத்து அடைத்தார்.

மேனேஜரும் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஊதி ஊதிச் சாப்பிட்டுவிட்டு ஓட்டு வீட்டைப் பார்த்தார். "குவார்ட்டர்ஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கோணும். ஆளு சொல்லி உடறேன். அந்தக் கொடி செவுத்தப் புடிச்சிருக்குதே, எடுக்கச் சொல்லட்டுங்களா?"

"அடிக்கறவங்க அதச் சுத்தி அடிச்சுக்கட்டுமுங்க" என்றார் சிவசக்தி. "இன்னொரு காயை மொளைக்கப் போட்டிருக்கறேன். அத அந்தப் பக்கம் நடப்போறேன். அதையும் சுத்தித்தான் அடிக்கோணும்."

மாதப்பன் கூடத்துக்குப் போய் என் ஃபோனை எடுத்து வந்தார். அது அவர் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. திரையைப் பார்க்காமலே நீட்டினார்.

"உங்களத் தேடறாங்க."

ரஞ்சித் அண்ணனாகத்தான் இருக்கும். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வாயில் பஜ்ஜி. அடங்கும் வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.